முடியலைக்கும் முடிஞ்சிருச்சுக்கும் நடுவில் எங்கள் அம்மா

அம்மா எங்களை விட்டுப் போய் இன்றோடு ஓர் ஆண்டு நிறைகிறது. நினைவு மலர் ஒன்று அச்சடிக்கலாம் என்று பேச்சு வந்தபோது, "நல்லவுக, பொறுமைசாலி, வாய் திறந்து ஒரு சொல் சொல்லாதவுகன்னு நாலு வரி எழுதிருத்தா, போதும்" என்று சித்தப்பா ஒருவர் யோசனை சொன்னார். அம்மா நல்லவர்தான். ஆனால் வாய் திறக்காதவர் என்று எழுதினால் பாம்பன் கடைத்தெருவே சிரிக்கும். ஆகவே மூத்த மகள் என்ற உரிமையில், நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன். படிக்கிற பெரியவர்கள் சிலருக்கு உறுத்தலாம். உறுத்தட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

அம்மா நயினார்கோவிலுக்குப் பக்கத்தில், நெல்லும் மிளகாயும் போடும் ஒரு சம்சாரி வீட்டில் பிறந்தார். அம்மாவுக்கு ஒரு தம்பி. அந்தத் தம்பி பிறந்த சில நாளில் தாய் காலமாகிவிட்டார். தகப்பனார் காட்டு வேலைக்குப் போய்விட, கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு சோறு பொங்கி, ஊரில் பால் கொடுக்கிற பெண்கள் வீட்டுக்கெல்லாம் தூக்கிக்கொண்டு அலைந்து, அதை ஆளாக்கியவர் அம்மா. அப்போது அம்மாவே சிறு பெண். அந்தக் குழந்தைதான் எங்கள் மாமா. "எனக்கு மொதப் பிள்ளை நீ இல்ல, உங்க மாமன்தான்" என்று அம்மா என் முகத்துக்கு நேரே சொல்வார். எனக்குக் கோபம் வரும். ஆனாலும் அது உண்மை.

பாம்பனில் பலசரக்குக் கடை வைத்திருந்த எங்கள் அய்யாவுக்கு அம்மாவைக் கட்டிக்கொடுத்தார்கள். வந்த புதிதில் கருவாட்டு வாடைக்கு மூக்கைப் பொத்திக்கொண்டு சமைத்தாராம். பிறகு எந்தப் படகில் என்ன மீன் வந்தது என்று அய்யாவுக்கே தகவல் சொல்லும் ஆளாகிவிட்டார். நானும் தம்பியும் பிறந்தோம். அம்மாவின் தகப்பனாரும் கண்ணை மூடிய பிறகு, பிறந்த வீடு என்று சொல்லிக்கொள்ள அம்மாவுக்கு மாமா ஒருவர்தான் மிச்சம்.

நாடு விடுதலை அடைந்த அடுத்த வருஷம் எனக்குக் காது குத்தினார்கள். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். மாமா சீர்த்தட்டோடு ரயிலில் வந்துகொண்டிருந்தார். அன்றைக்கென்று காற்று பலமாக வீச, பாலத்தில் ரயிலை விடாமல் மண்டபத்திலேயே நிறுத்திவிட்டார்கள். இங்கே ஆசாரி காத்திருக்கிறார், சொந்தபந்தம் காத்திருக்கிறது, நல்ல நேரம் போகிறது. அய்யா பொறுத்துப் பார்த்தார். "காத்து எப்ப நிக்கும்னு யாரு கண்டா" என்று சொல்லி, மாமன் முறையுள்ள வேறொருவர் மடியில் என்னைத் தூக்கி வைத்துவிட்டார். ஆசாரியும் குத்திவிட்டார்.

சாயங்காலம் காற்று அடங்கி ரயில் வந்தது. மாமா வாசலில் நின்று என் காதைப் பார்த்தார். "என் மடி வேண்டாமப் போச்சாக்கா?" என்று கேட்டார். "காத்தடிச்சதுக்கு நான் என்னலே செய்ய?" என்றார் அம்மா. மாமா தட்டை வாசற்படியில் வைத்துவிட்டு, ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்காமல் வந்த வழியே திரும்பிவிட்டார்.

இரண்டு நாளில் கோபம் ஆறிவிடும் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். இரண்டு பக்கமும் ஒரே ரத்தம் அல்லவா, ஆறவில்லை. "அவன் வரட்டும்" என்று அம்மா இங்கே. "அவுக கூப்பிடட்டும்" என்று மாமா அங்கே. "செய்தது சரிதான்" என்று அய்யா நடுவிலே. பொங்கல்கள் வந்தன, பிறந்த வீட்டுச் சீர் வரவில்லை. மாமாவுக்குக் கல்யாணம் நடந்தது. அந்தச் செய்தியையே கடைக்கு வந்த யாரோ சொல்லித்தான் அம்மா தெரிந்துகொண்டார். அன்றைக்கு அடுப்பு பற்றவைக்கவில்லை. கேட்டால் விறகு ஈரம் என்றார்.

அப்படியே வருஷங்கள் ஓடி, ஒரு ஐப்பசி மழையில் அம்மாவுக்கு விஷக் காய்ச்சல் வந்தது. ராமநாதபுரத்துக்குக் கொண்டுபோய் வைத்தியம் பார்த்ததில் காய்ச்சல் விட்டது. ஆனால் வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகும் அம்மா எழுந்திருக்கவில்லை. கஞ்சியை வாயில் வைத்தால் கடைவாயில் வழிந்தது. என்னை இழுத்துப் போட்டு அடிக்கிற கை, தண்ணீர்ச் செம்பைத் தூக்க முடியாத கையாகிவிட்டது. டாக்டர் ஊசி போட்டுப் பார்த்தார், டானிக் கொடுத்துப் பார்த்தார். கடைசியில் அய்யாவை வெளியே அழைத்து, "காய்ச்சல் போயிருச்சு. நெஞ்சுல சளி இல்ல. மருந்து வேலை செய்யணும்னா உடம்பு சம்மதிக்கணும். இந்தம்மாவுக்கு மனசுல என்ன குறை?" என்று கேட்டார். பக்கத்தில் நான் நின்றேன். அய்யா தரையைப் பார்த்தார்.

"மாமாவுக்குச் சொல்லி விடுவோமா?" என்று அம்மாவிடம் நான் கேட்டேன். "கூப்பிட்டு வாரவன் எனக்கு வேண்டாம்" என்று சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். சாகிற நேரத்திலும் ரோஷம். ஊர்ப் பெண்கள் ஏக்கம் பிடித்துவிட்டது என்றார்கள். அந்த வயதில் ஏக்கம் என்றால் எனக்குப் புரியவில்லை. அம்மா செத்துப்போய்விடுவார் என்பது மட்டும் புரிந்தது.

எங்களுக்குத் தெரியாமல் அய்யா ஒரு காரியம் செய்தார். அபிராமம் சந்தைக்குக் கருவாடு கொண்டுபோகும் பாம்பன் வியாபாரி ஒருவரிடம், "அங்கன மச்சினன் ஊர்க்காரவுக மிளகாய் கொண்டு வருவாக. மச்சினன் அக்காளுக்கு முடியலன்னு சொல்லிவிடு. நான் சொன்னேன்னு சொல்லாத" என்று சொல்லியனுப்பினார். மலை மாதிரி இருந்த ரோஷத்தில் அவ்வளவுதான் அவரால் இறங்க முடிந்தது.

வியாபாரி சந்தையில் ஒருவரிடம் சொன்னார். அவர் வண்டியில் இன்னொருவரிடம் சொன்னார். நம் பக்கத்தில் உடம்பு சரியில்லை என்றால் 'முடியல' என்போம். உயிர் போய்விட்டது என்றால் 'முடிஞ்சிருச்சு' என்போம். இரண்டு வாய் கடப்பதற்குள் முடியல என்பது முடிஞ்சிருச்சு ஆகிவிட்டது. "பாம்பன்ல உங்க அக்காளுக்கு முடிஞ்சிருச்சாம்ப்பா" என்று மாமாவின் வாசலில் வந்து சொன்னார்கள்.

கட்டிக்கொடுத்த பெண் செத்தால் பிறந்த வீட்டிலிருந்து கோடிச் சேலை வர வேண்டும். அது கூடப்பிறந்தவனின் கடமை. மாமா பரமக்குடியில் ஒரு சிவப்புச் சேலை எடுத்து, பெண்டாட்டியையும் நாலு உறவுக்காரர்களையும் கூட்டிக்கொண்டு ரயில் ஏறினார். பாம்பன் நிலையத்தில் இறங்கியதும் பெண்கள் ஒப்பாரியை ஆரம்பித்துவிட்டார்கள். எங்கள் தெருமுனையில் சத்தம் கேட்டபோது, படுக்கையில் கிடந்த அம்மா கண்ணைத் திறந்து, "யாரு வீட்லடி சாவு?" என்று என்னைக் கேட்டார்.

நான் வாசலுக்கு ஓடினேன். மாமா தலையில் துண்டோடு, இரண்டு கையிலும் சேலையை ஏந்திக்கொண்டு, முகமெல்லாம் கண்ணீராக உள்ளே வந்தார். கட்டிலில் அம்மா விழித்துக்கொண்டு கிடந்தார். ஒப்பாரி பாதியில் நின்றுவிட்டது. மாமா சேலையோடு தரையில் உட்கார்ந்துவிட்டார்.

அம்மா சேலையைப் பார்த்தார். தம்பியைப் பார்த்தார். பல நாளாக வெளியே வராத அதட்டல் குரல் அன்றைக்கு வந்தது. "ஏலே, யாருக்குடா கோடி?"

மாமா சேலையை முதுகுக்குப் பின்னால் மறைத்தார்.

"செத்தாத்தான் வருவியோ? உசுரோட இருந்தா வரமாட்டியோ? ஒன்னைய இடுப்புல தூக்கித் தூக்கி என் இடுப்பு காச்சுப் போச்சுடா. அதுக்கு இதுதான் சீரா?" இவ்வளவையும் மூச்சு வாங்க வாங்கச் சொன்னார். மாமா தவழ்ந்து போய் அம்மாவின் காலைப் பிடித்துக்கொண்டு, "வந்துட்டேன்லக்கா, வந்துட்டேன்ல" என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னார். வந்தவர்களில் அழாதவர் இல்லை. அழுவதற்கென்றே வந்தவர்கள், வேறு காரணத்துக்கு அழுதார்கள்.

அன்றைக்கு மாமா ஊட்டிய கஞ்சி வழியவில்லை. மறுநாளே எழுந்து நடந்தார் என்று கதை கட்ட நான் விரும்பவில்லை. மார்கழி பிறந்த பிறகுதான் சுவரைப் பிடித்து நடந்தார். டாக்டர் கொடுத்த மருந்தும் அதற்குக் காரணம். அதை மறைத்தால் பாவம். ஆனால் அதே மருந்து, அதே கஞ்சி, அதே கட்டில். முந்தைய நாள்வரை எதுவும் உடம்பில் ஒட்டவில்லை. தற்செயல் என்று சிலர் சொல்வார்கள். நானும் கொஞ்சம் படித்தவள்தான். பக்கத்தில் இருந்து பார்த்தவளும் நான்தான். தற்செயல் என்று ஒப்புக்கொள்ள மாட்டேன்.

கோடிச் சேலையை என்ன செய்வது என்று பெரிய வழக்கு நடந்தது. வீட்டில் வைக்கக் கூடாது, கடலில் போட்டுவிட வேண்டும் என்றார்கள். செத்ததாகச் சேதி வந்தால் ஆயுசு கூடும் என்று சிலர் ஆறுதல் சொன்னார்கள். அம்மா கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, "இத்தனை வருசம் கழிச்சுப் பொறந்த வீட்டுச் சீலை வந்துருக்கு. கடல்ல போட எனக்கென்ன கிறுக்கா?" என்றார். அந்தப் பொங்கலுக்கு அதை உடுத்திக்கொண்டு பானை வைத்தார். பார்த்தவர்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். அம்மா பால் பொங்குகிறதா என்று மட்டும் பார்த்தார்.

ஆனால் ஒரு பக்கம் கட்டியது, இன்னொரு பக்கம் அறுந்தது. சேதி சொல்லிவிட்டது அய்யாதான் என்பது எப்படியோ வெளியே வந்துவிட்டது. உயிரோடு இருக்கிற அக்காவைச் செத்துவிட்டதாகச் சொல்லியனுப்பிய மனுஷன் என்று மாமாவுக்கு அய்யா மேல் ஆத்திரம். உயிரோடு இருக்கிற என் பெண்டாட்டிக்குக் கோடி கொண்டுவந்தவன் என்று அய்யாவுக்கு மாமா மேல் ஆத்திரம். இடையில் வார்த்தை எப்படி மாறியது என்று வியாபாரியே வந்து விளக்கினார். இருவரும் காதில் வாங்கவில்லை. அதன் பிறகு மாமா மாதம் தவறாமல் மிளகாயும் பச்சரிசியும் கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார். அய்யாவுடன் ஒரு சொல் பேசியதில்லை. ஒரே வீட்டில் உட்கார்ந்துகொண்டு, "உங்க அய்யாட்ட ரயிலுக்கு நேரமாச்சான்னு கேளு" என்று மாமா என்னைக் கேட்பார். "ஆகலன்னு சொல்லு" என்று அய்யா என்னிடம் சொல்வார்.

பிழைத்து எழுந்த அம்மா வேறு ஆளாகிவிட்டார். ஊரில் யாராவது படுத்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்டால் எல்லோரையும் போலப் பழமும் ரொட்டியும் வாங்கிக்கொண்டு போக மாட்டார். "இவுகளுக்கு யாரோட பேச்சுவார்த்தை இல்ல?" என்று முதலில் விசாரிப்பார். பிறகு அந்த ஆளைத் தேடிப் புறப்பட்டுவிடுவார்.

பக்கத்துத் தெரு காதர் காக்காவைப் பலருக்குத் தெரியும். அண்ணனை அவர்கள் வழக்கத்தில் காக்கா என்பார்கள்; அம்மாவும் அப்படித்தான் கூப்பிடுவார். வாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துவிட்ட அவர், தன் சம்மதம் இல்லாமல் நிக்காஹ் செய்துகொண்ட மகளோடு பேசுவதில்லை. அம்மா மண்டபத்துக்குப் போய் அந்தப் பெண்ணின் வீட்டு வாசலில் உட்கார்ந்தார். "வாப்பா என்னையப் பாக்க மாட்டாகம்மா" என்று அது அழுதது. "அவுக பாக்க வேணாம். நீ பாரு. கெளம்பு" என்றார் அம்மா. காக்கா மகளைப் பார்த்தார். பேச்சு வராத வாயால் என்னவோ சொல்லி, நல்ல கையால் அதன் தலையைத் தடவினார். மகள் கையால் சாப்பிட்டார். அந்த மாதக் கடைசியில் மவுத்தாகிவிட்டார்.

"கூட்டியாந்து என்ன பிரயோசனம், பொழைக்கலையே" என்று ஒருவர் அம்மாவிடம் குத்தலாகக் கேட்டார். "பொழைக்க வைக்க நான் என்ன ஆண்டவனா? அந்த மனுசன் மக கையால சாப்பிட்டுப் போனாக. இல்லாட்டி சுவத்தப் பாத்துக்கிட்டுப் போயிருப்பாக. நான் அப்படிக் கெடந்தவ, எனக்குத் தெரியும்" என்றார் அம்மா.

எல்லா வீட்டிலும் வரவேற்பு இருந்ததில்லை. ஒரு வீட்டில் ஒரு பெண், "மொதல்ல உங்க வீட்டுக்காரரையும் தம்பியையும் பேச வச்சுட்டு இங்கன வாங்க" என்று முகத்தில் அடித்தாற்போல் சொல்லிவிட்டாள். வாய்க்கு வாய் பதில் சொல்லும் அம்மா அன்றைக்குப் பேசாமல் வீட்டுக்கு வந்தார். அய்யாவிடம் கெஞ்சினார், சண்டை போட்டார், இரண்டு நாள் பேசாமலும் இருந்து பார்த்தார். மாமாவிடமும் அப்படியே. "அவுக மொதல்ல" என்பார் மாமா. "அவன் சின்னவன், அவன்தான் மொதல்ல" என்பார் அய்யா.

சென்ற ஆண்டு அம்மாவுக்கு இதயம் பலவீனமாகிவிட்டது. கால் வீங்கியது, படுத்தால் மூச்சு முட்டியது. மாமா வந்து எங்களோடு தங்கினார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக, கட்டிலை முன்னால் அய்யாவும் பின்னால் மாமாவும் பிடித்தார்கள். 'தூக்கு' என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ள மாட்டார்கள். "தூக்கட்டுமா?" என்று இருவருமே அம்மாவைக் கேட்டார்கள். மூச்சு முட்டுகிற நிலையில் அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "என்னைய இறக்கி வச்சுட்டு நீங்க ரெண்டு பேரும் ஏறிப் படுங்க. உங்களுக்குத்தான் நோவு" என்றார்.

கடைசி நாட்களில் ஒருநாள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்க அய்யா தனியா இருக்க மாட்டாக. என்னையவிட வேகமாப் படுத்துருவாக. பாத்துக்க" என்றார். தலையாட்டினேன். தை அமாவாசை கழிந்த ஒரு காலையில் அம்மா போய்விட்டார். பிறந்த வீட்டுக் கோடியை மாமா போட்டார். அதை விவரித்து எழுத எனக்குத் தெம்பில்லை.

கருமாதி முடிந்து மாமா ஊருக்குப் போனார். அய்யா கடையைத் திறக்கவில்லை. சோறு வைத்தால் பிசைந்துவிட்டு அப்படியே எழுந்தார். பிறகு எழுவதும் நின்று, சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். டாக்டர் பார்த்துவிட்டு உடம்பில் ஒன்றும் இல்லை என்றார்.  இந்த நோயை நான் முன்பே பார்த்தவள். இதற்கு அம்மா செய்த வைத்தியத்தையும் பார்த்தவள். தம்பியை அய்யாவுக்குத் துணை வைத்துவிட்டு ரயிலேறினேன்.

மாமா களத்தில் மிளகாய் காயப்போட்டுக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன். கண் கலங்கினார். ஆனாலும், "வாரேன்த்தா. ஆனா அவுக ஒரு வார்த்தை கூப்பிட்டிருந்தா..." என்று இழுத்தார். எனக்கு அம்மாவின் கோபம் அப்படியே வந்தது. "மாமா, காது எனக்குத்தான் குத்துனது. வலிச்சதும் எனக்குத்தான். அது ஆறிப்போய் எத்தனையோ வருசமாச்சு. உங்க ரெண்டு பேருக்கும் இன்னும் எங்கன வலிக்குது?" என்று கேட்டேன். பெரியவரிடம் அப்படிப் பேசியிருக்கக் கூடாது என்று பின்னால் அத்தை, மாமாவின் மனைவி, சொன்னார். மாமா கையைக் கழுவிவிட்டுச் சட்டையை எடுத்து மாட்டினார்.

மேலே எழுதும் முன், நன்றி சொல்ல வேண்டியவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். அம்மாவின் கடைசி நாட்களில் நாள்தோறும் மண்டபத்திலிருந்து வந்து கால் பிடித்துவிட்ட காதர் காக்காவின் மகளுக்கும், கூப்பிட்ட நேரமெல்லாம் வந்த டாக்டருக்கும், கட்டிலை ரயிலில் ஏற்ற உதவிய நிலையத்து ஊழியர்களுக்கும், துக்க நாட்களில் எங்கள் வீட்டுக்குச் சோறு பொங்கி அனுப்பிய தெருவாருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. இந்த மலரை வாங்கிக்கொள்ளும் உங்களில் யாருக்காவது யாரோடாவது பேச்சு இல்லையென்றால், அவர் படுக்கும்வரை காத்திருக்க வேண்டாம் என்று அம்மாவின் சார்பில் கேட்டுக்கொள்கிறேன்.

மாமாவுக்கு நன்றி சொல்வது முறையில்லை. நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

மாமா வந்து அய்யாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். நான் இரண்டு தட்டில் சோறு கொண்டுவந்து வைத்தேன். அய்யா திரும்பவில்லை. மாமாவும் சோற்றில் கை வைக்கவில்லை. நானும் தம்பியும் கதவோரம் நின்றோம். யார் வழியாகவும் இல்லாமல், அந்த முதுகைப் பார்த்து மாமா நேராகவே பேசினார். "அத்தான், அக்காளும் போயிருச்சு. இனி இந்த வீட்ல எனக்குன்னு யாரு இருக்கா?"

அய்யா கட்டில் சட்டத்தைப் பிடித்து மெதுவாக எழுந்து உட்கார்ந்தார். காலைக் கீழே இறக்கி வைத்தார்.

"நான் இருக்கேன்ல, மாப்ள" என்று சொல்லித் தட்டை இழுத்துக்கொண்டார்.